வரி பாக்கிக்காக சேமிப்புக் கணக்கு முடங்கினால்: சேலம், ஏற்காடு பகுதியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூகுள் பே ஓடவில்லை, ஏடிஎம்மிலும் பணம் வரவில்லை. பாஸ்புக்கில் இருப்பு மட்டும் அப்படியே நிற்கிறது. வரித்துறைதான் முடக்கியதா?

இன்னும் சொல்ல முடியாது. வருமான வரித்துறை, மாநில ஜிஎஸ்டி, மத்திய ஜிஎஸ்டி, பி.எஃப். அலுவலகம், நீதிமன்றம், சைபர் கிரைம் போலீஸ் என்று கணக்கை முடக்கப் பல கைகள் உண்டு. கேஒய்சி புதுப்பிக்காததற்கு வங்கியே நிறுத்தி வைப்பதும் உண்டு. இப்போது அதிகம் குழம்புவது சைபர் கிரைம் விவகாரத்தில். எங்கோ ஏமாற்றிய பணம் நாலு கை மாறி உங்களுக்கு யுபிஐ-யில் வந்திருந்தால், வெளிமாநிலப் போலீஸ் கேட்டுக்கொண்டதற்காக வங்கி அந்தத் தொகையைப் பிடித்து வைத்திருக்கும். அதற்கு ஆடிட்டரைத் தேடி ஓடுவது வீண்.

கிளைக்குப் போய் நாலே கேள்வி கேளுங்கள். யார் உத்தரவு? என்ன தேதி, என்ன எண்? எவ்வளவு தொகைக்கு? லீனா, டெபிட் ஃப்ரீஸா? லீன் என்றால் குறிப்பிட்ட தொகை மட்டும் பிடிபட்டிருக்கும், மீதியை எடுக்கலாம். டெபிட் ஃப்ரீஸ் என்றால் பணம் உள்ளே வரும், வெளியே போகாது. உத்தரவின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "காட்ட முடியாது" என்றால் கவுன்டரோடு திரும்பாமல் மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். வருமான வரி உத்தரவாக இருந்தால், நகலை உங்களுக்கும் அனுப்ப வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

இருபது வருட வாடிக்கையாளர் நான். மேலாளர் மனது வைத்தால் திறக்க முடியாதா?

முடியாது. வருமான வரிச் சட்டம் பிரிவு 226(3)-இன் கீழ், உங்கள் பாக்கியை வங்கியே கட்டச் சொல்லும் அறிவிக்கை கைக்கு வந்த பிறகும் வங்கி பணத்தைக் கட்டாவிட்டால், பாக்கிதாரர் என்ற பெயர் வங்கியின் தலையிலேயே விழும். எந்த மேலாளரும் அதற்குத் துணிய மாட்டார். முடக்கியவர் எழுதிக் கொடுத்தால்தான் திறக்கும். முதல் இரண்டு நாளைக் கிளையில் வாக்குவாதம் செய்தே கழிப்பவர்கள் நிறைய. அந்த இரண்டு நாளில் வங்கி பணத்தைத் துறைக்கு அனுப்பிவிட்டால் வேலை இரட்டிப்பாகும்.

நகல் கிடைத்துவிட்டது. அதில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் பிரிவு எண். வருமான வரி என்றால் 226(3) என்றிருக்கும், வங்கியிலிருந்து நேரடியாக வசூலிக்கும் உத்தரவு அது. ஜிஎஸ்டி என்றால் படிவத்தின் பெயரே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். டிஆர்சி-13 என்றால் வசூல். உத்தரவு முடிந்துவிட்டது, பணத்தை எடுக்க வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். டிஆர்சி-22 என்றால் பிரிவு 83-ன் கீழ் தற்காலிக முடக்கம். விசாரணை நடக்கும்போதே பணம் நழுவிவிடக் கூடாது என்று பிடித்து வைப்பது. இந்த இரண்டுக்கும் வழி வேறு வேறு.

அடுத்து டிஐஎன் எண் (ஒவ்வொரு கடிதத்துக்கும் துறை கொடுக்கும் அடையாள எண்), மதிப்பீட்டு ஆண்டு, தொகை, கையெழுத்திட்டவரின் பதவி. வருமான வரித்துறைக் கடிதங்களுக்கு 2019 அக்டோபர் 1 முதல் டிஐஎன் உண்டு. அது உண்மையா என்று மின்-தாக்கல் தளத்தில் லாகின் இல்லாமலே சரிபார்க்கலாம்.

இந்தப் பக்கத்தில் வரும் வருமான வரிப் பிரிவு எண்கள் 1961 சட்டத்தின் எண்கள். 2025-ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, அதில் எண்கள் மாறிவிட்டன. உங்கள் தாளில் வேறு எண் இருந்தால் அதையே மனுவில் எழுதுங்கள்.

எனக்கு ஒரு நோட்டீஸும் வரவில்லையே?

வந்திருக்கும், உங்கள் கண்ணில் படாத இடத்துக்கு. ரிட்டர்ன் போட்டுக் கொடுத்தவர் தன்னுடைய மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் பதிந்திருப்பார். லோனுக்காக ஒரே ஒரு வருடம் ஐ.டி. போட்ட பிரௌசிங் சென்டர் முகவரி இன்றும் உங்கள் பெயரில் இருக்கும். ஆறேழு வருடமாக எல்லா நோட்டீஸும் அங்கேதான் போய் விழுந்திருக்கும். இன்றைக்கே லாகின் செய்து புரொஃபைலில் அதை மாற்றுங்கள். பிறகு "பெண்டிங் ஆக்‌ஷன்ஸ்" பகுதியில் இ-புரொசீடிங்ஸையும் "ரெஸ்பான்ஸ் டு அவுட்ஸ்டாண்டிங் டிமாண்ட்" பக்கத்தையும் திறந்து பாருங்கள். எந்த ஆண்டு, எந்தப் பிரிவில், எவ்வளவு டிமாண்ட் (துறை கட்டச் சொல்லும் தொகை) என்பது அங்கே இருக்கும்.

ஜிஎஸ்டி தளத்தில் சிக்கல் இன்னும் மோசம். வழக்கமான நோட்டீஸ் பக்கம் காலியாக இருக்கும், உத்தரவு "அடிஷனல் நோட்டீசஸ் அண்ட் ஆர்டர்ஸ்" என்ற தனிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். கடையை மூடி, பதிவை ரத்து செய்தவர்கள் அந்தத் தளத்துப் பக்கமே போவதில்லை. ரத்து செய்வதால் பழைய கால வரிப் பொறுப்பு போய்விடாது. அந்தக் காலத்துக்கான உத்தரவு மூடிய கடையின் லாகினுக்குத்தான் வரும்.

இப்படிப் பார்க்காமலே போன உத்தரவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் பல ரிட் வழக்குகளில் ரத்து செய்து, வணிகர் பதில் சொல்ல மறு வாய்ப்புக் கொடுத்திருக்கிறது. தகராறில் உள்ள வரியில் 10 சதவீதமோ 25 சதவீதமோ கட்டச் சொல்வது வழக்கம். பல உத்தரவுகளில் வங்கி முடக்கத்தையும் நீக்கச் சொல்லியிருக்கிறது. சேலம் மாவட்டத்து வழக்குகள் மதுரைக் கிளைக்குப் போகாது, சென்னையில்தான் தாக்கல் செய்ய வேண்டும்.

சேலத்தில் யாரைப் பார்க்க வேண்டும்?

வருமான வரி அலுவலகம் காந்தி ரோட்டில். மத்திய ஜிஎஸ்டி அணைமேட்டில், ஃபோக்ஸ் காம்பவுண்டில். மாநில வணிகவரி என்றால் உங்கள் சர்க்கிள் அலுவலர். ஆனால் காந்தி ரோட்டுக்குக் கிளம்பும் முன் மின்-தாக்கல் தளத்தில் பான் எண்ணைப் போட்டு உங்கள் ஏ.ஓ. (மதிப்பீட்டு அலுவலர்) யாரென்று பார்த்துவிடுங்கள். திருப்பூரிலோ பெங்களூரிலோ வேலை பார்த்தபோது எடுத்த பான் கார்டு என்றால், கோப்பு இன்னும் அந்த ஊரிலேயே இருக்கலாம். அப்படியானால் கடிதம் அந்த அலுவலருக்குத்தான். பான் எல்லையைச் சேலத்துக்கு மாற்றக் கேட்பது தனி வேலை, அதை இப்போதைய அவசரத்தோடு கலக்காதீர்கள். மனுவை மின்னஞ்சலில் அனுப்பி, நேரிலும் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு கோப்பில் ஏறாது.

டிமாண்டே தவறு. எப்படிக் காட்டுவது?

எதனால் தவறு என்பதைப் பொறுத்தது. இந்தப் பக்கம் வழக்கமாக மாட்டுவது மூன்று வகை.

டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே கழிக்கும் வரி) பிடித்தவர் அரசுக்குக் கட்டவில்லை, அதனால் உங்கள் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் வரவில்லை என்பது ஒன்று. பிடித்த வரியை உங்களிடமே மறுபடி கேட்கக் கூடாது என்கிறது பிரிவு 205. சம்பளச் சீட்டு, டிடிஎஸ் கழித்தபின் பணம் வரவான பாஸ்புக் பக்கம் ஆகியவற்றை இணைத்து, பிரிவைக் குறிப்பிட்டு ஏ.ஓ-வுக்கு எழுதுங்கள்.

இரண்டாவது, கட்டிய செலானில் ஆண்டோ தலைப்போ மாறிப் போனது. இதற்குச் செலான் திருத்தமும் பிரிவு 154 திருத்த மனுவும் போதும். உத்தரவு வந்த நிதியாண்டு முடிந்து நாலு வருடம் வரை 154 மனு போடலாம்.

மூன்றாவதுதான் பெரியது. கணக்கில் வரவான பணம் முழுவதையும் வருமானமாக எடுத்துக்கொள்வது. ரிட்டர்ன் போடாதவரின் சேமிப்புக் கணக்கில் ஒரே வருடத்தில் 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் விழுந்தால் வங்கி அதைத் துறைக்குத் தெரிவிக்கும். நோட்டீஸ் வரும், பதில் போகாது, பிரிவு 144-இல் ஒருதலையாக உத்தரவு வரும். விளக்கம் இல்லாத பணம் என்று முத்திரை விழுந்தால், பழைய சட்டப்படி 60 சதவீத வரி, சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்ந்து 78 சதவீதம். அதன்மேல் வட்டி.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டக்காரர்களுக்கு இதில் ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். பழத்தையோ, காயவைத்த செர்ரியையோ க்யூரிங் (தோல் நீக்கிப் பதப்படுத்துவது) செய்யாமல் விற்றால் அது முழுக்க விவசாய வருமானம். தானே விளைவித்து, க்யூரிங் செய்து விற்றால் விதி 7பி-யின்படி லாபத்தில் 25 சதவீதம் மட்டும் தொழில் வருமானம். வறுத்து அரைத்துத் தூளாக விற்றால் 40 சதவீதம். கணக்கில் 14 லட்சம் வரவு, கூலி, உரம், க்யூரிங் செலவு போக லாபம் 6 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். க்யூரிங் செய்து விற்றவருக்குத் தொழில் வருமானம் 1,50,000. வேறு வருமானம் இல்லாவிட்டால் வரியே கிடையாது. ஊடுபயிரான மிளகும் விவசாயக் கணக்கில்தான் சேரும். ஆனால் "நான் விவசாயி" என்று வாயால் சொன்னால் நடக்காது. பட்டா, சிட்டா, அடங்கல், வியாபாரி கொடுத்த எடைச்சீட்டு, க்யூரிங் ஒர்க்ஸ் ரசீது எல்லாம் வேண்டும். எடைச்சீட்டில் உள்ள தேதியும் வங்கி வரவின் தேதியும் வரிசையாகப் பொருந்தும்படி ஒரு தாளில் பட்டியல் போட்டுக் கொடுங்கள். மொத்தக் கோப்பிலும் அலுவலர் முதலில் படிப்பது அந்த ஒரு தாளைத்தான்.

செவ்வாய்ப்பேட்டையில் கூலிக்குக் கொலுசு செய்பவர்களுக்கும் இதே வழி. வெள்ளி வாங்கச் சொல்லி முதலாளி உங்கள் கணக்கில் போட்ட பணம் உங்கள் வருமானம் அல்ல, கூலிதான் வருமானம். அந்தப் பணம் போன பாதையைப் பில்லோடு காட்ட வேண்டும்.

அப்பீல் போட்டால் முடக்கம் நீங்கிவிடுமா?

வருமான வரியில் தானாக நீங்காது. படிவம் 35-ஐ 30 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் காரணம் சொல்லி மன்னிப்பு மனுவும் சேர்க்க வேண்டும். கட்டணம் மதிப்பிடப்பட்ட வருமானத்தைப் பொறுத்து 250, 500 அல்லது 1,000 ரூபாய். வசூலை நிறுத்த ஏ.ஓ-விடம் பிரிவு 220(6)-இன் கீழ் தனியாக ஸ்டே (நிறுத்திவைப்பு) மனு கொடுக்க வேண்டும். தகராறுத் தொகையில் 20 சதவீதம் கட்டினால் மீதியை நிறுத்தி வைக்கலாம் என்பது 2017 ஜூலை 31-இல் மத்திய நேரடி வரிகள் வாரியம் கொடுத்த வழிகாட்டுதல். அதற்குக் குறைவாகக் கட்டச் சொல்லவும் அலுவலருக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவுபடுத்தியது. "20-க்குக் கீழே முடியவே முடியாது" என்ற பதிலை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

ஜிஎஸ்டியில் நிலைமை நேர் எதிர். உத்தரவு கிடைத்த 3 மாதத்துக்குள், தகராறு வரியில் 10 சதவீதம் கட்டி அப்பீல் போட்டாலே மீதித் தொகையின் வசூல் சட்டப்படி நின்றுவிடும். அந்த ஒப்புகைச் சீட்டோடு முடக்கத்தை நீக்கக் கேளுங்கள். 3 மாதம் தாண்டினால் தக்க காரணத்தோடு மேலும் 1 மாதம்தான் உண்டு.

மனுவில் என்ன எழுத வேண்டும்?

அரைப் பக்கம் போதும். உதாரணத்துக்கு டிமாண்ட் 3,40,000, முடங்கிய கணக்கில் இருப்பது 2,10,000 என்றால்:

"மதிப்பீட்டு ஆண்டு 2018-19-க்கான 3,40,000 ரூபாய் டிமாண்டை எதிர்த்து இந்தத் தேதியில் அப்பீல் தாக்கல் செய்துள்ளேன், ஒப்புகை எண் இது. இந்த டிஐஎன் எண்ணுள்ள அறிவிக்கையால் என் சேமிப்புக் கணக்கு முடக்கப்பட்டுள்ளது. 20 சதவீதமான 68,000 ரூபாயை அந்தக் கணக்கிலிருந்தே எடுத்துக்கொண்டு, மீதி 1,42,000 ரூபாயை விடுவிக்கவும், அப்பீல் முடியும்வரை வசூலை நிறுத்தி வைக்கவும் வேண்டுகிறேன்."

"அந்தக் கணக்கிலிருந்தே எடுத்துக்கொண்டு" என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் 20 சதவீதத்தை வெளியே கடன் வாங்கிக் கட்டச் சொல்வார்கள், முடங்கிய பணம் அப்படியே கிடக்கும். குடும்பக் கஷ்டத்தை இரண்டு வரியில் சொல்லலாம், இரண்டு பக்கம் வேண்டாம்.

டிமாண்ட் சரிதான். ஒரே தடவையில் கட்ட முடியாது.

வருமான வரியில் தவணை கேட்கலாம், எத்தனை மாதம் என்பது அலுவலர் முடிவு. முதல் தவணையைக் கட்டிய செலானோடு போய்க் கேட்டால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். தவணை ஓடினாலும் மாதம் 1 சதவீத வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். 1,80,000 பாக்கிக்கு மாதம் 1,800. ஒரு நாள் தாண்டினாலும் முழு மாதக் கணக்கு.

கட்டும்போது இ-பே டாக்ஸில் "டிமாண்ட் பேமென்ட் ஆஸ் ரெகுலர் அசெஸ்மென்ட் டாக்ஸ் 400" என்பதைத் தேர்ந்தெடுத்து, டிமாண்ட் எண்ணோடு கட்டுங்கள். பழக்க தோஷத்தில் 300-இல் (சுய மதிப்பீட்டு வரி) கட்டிவிட்டால் பணம் போய்விடும், டிமாண்ட் அப்படியே நிற்கும்.

ஜிஎஸ்டியில் டிஆர்சி-20 விண்ணப்பம், அதிகபட்சம் 24 மாதத் தவணை. 25,000-க்குக் கீழ் கிடையாது. நீங்களே ரிட்டர்னில் ஒப்புக்கொண்ட வரிக்கும் கிடையாது. ஒரு தவணை தவறினால் மீதி முழுவதும் உடனே கட்ட வேண்டியதாகிவிடும்.

பாக்கி கடைப் பெயரில். என் சொந்த சேமிப்புக் கணக்கை ஏன் தொட வேண்டும்?

தனிநபர் வணிகத்தில் கடை என்று தனி ஆள் கிடையாது. கடையும் நீங்களும் ஒரே பான். அதனால் கடையின் கரன்ட் கணக்கு காலியாக இருந்தால் உங்கள் சேமிப்புக் கணக்கு பிடிபடும். ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்) போட்டுவிட்டு 3பி (வரி கட்டும் ரிட்டர்ன்) போடாமல் விட்டவர்களுக்கு இது வேகமாகவே வரும். அந்த வித்தியாசத்துக்கு டிஆர்சி-01பி அறிவிப்பு வந்து 7 நாளில் பதிலோ பணமோ போகாவிட்டால், விளக்கம் கேட்கும் தனி ஷோகாஸ் நோட்டீஸ் இல்லாமலே வசூலுக்கு வரலாம்.

வந்தது டிஆர்சி-22 என்றால் டிஆர்சி-22ஏ-வில் ஆட்சேபம் போடுங்கள். இந்த அதிகாரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தக் கூடாது, கையில் ஆதாரம் வேண்டும் என்று 2021-இல் ராதா கிருஷண் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரு வருடம் ஆனால் அந்த முடக்கம் தானாகவே காலாவதி.

மனைவியோடு சேர்ந்த ஜாயின்ட் கணக்கு. பாக்கி என் பெயரில் மட்டும்.

வேறு ஆதாரம் காட்டும்வரை இருவருக்கும் சமபங்கு என்றே 226(3) எடுத்துக்கொள்ளும். அறிவிக்கை இருவருக்கும் போக வேண்டும். கணக்கில் இருப்பதெல்லாம் மனைவியின் சம்பளம்தான் என்றால், மனைவி தன் பெயரில், தன் சம்பளச் சீட்டையும் வங்கி ஸ்டேட்மென்டையும் இணைத்துத் தனியாக மனு கொடுக்க வேண்டும். கணவரின் மனுவில் ஒரு வரியாக இதைச் சேர்த்தால் காணாமல் போய்விடும்.

சம்பளம், பென்ஷன் பணத்தையும் எடுப்பார்களா?

வங்கியின் கணினிக்கு எது பென்ஷன், எது வாடகை என்று தெரியாது, மொத்தத்தையும் பிடிக்கும். சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 60 அரசு ஓய்வூதியத்துக்கும் சம்பளத்தின் ஒரு பகுதிக்கும் பாதுகாப்புக் கொடுக்கிறது. வருமான வரி வசூல் விதிகளும் அந்த விலக்கை ஏற்கின்றன. ஓய்வுக்காலப் பணம் வைப்புத்தொகையாக மாறினாலும் அதன் தன்மை மாறாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் ராதே ஷ்யாம் குப்தா வழக்கில் தீர்ப்பளித்தது, அது வங்கிக் கடன் தொடர்பான வழக்கு. கேட்டால்தான் கிடைக்கும். பென்ஷன் வரவு மட்டும் வரும் கணக்கைத் தனியாக வைத்திருப்பவருக்கு நிரூபிப்பது எளிது.

ஓடி (ஓவர்டிராஃப்ட்) கணக்கையும் வைப்புத்தொகையையும் பிடிப்பார்களா?

ஓடி கணக்கில் எடுக்காமல் மிச்சமிருக்கும் லிமிட் உங்கள் பணம் அல்ல. வங்கி உங்களுக்குக் கடன்பட்டிருக்கவில்லை, அதனால் அதைப் பிடிக்க முடியாது என்று 1958-லேயே சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. வைப்புத்தொகையைப் பிடிக்கலாம், ஆனால் பணம் கொடுக்க வேண்டிய நாள் வந்த பிறகே வங்கி கட்டினால் போதும் என்பது சட்டத்தின் வாசகம். முதிர்வுக்கு முன்பே உடைப்பதாக வங்கி சொன்னால் அந்த வாசகத்தை எழுத்தில் நினைவூட்டுங்கள்.

இஎம்ஐ, செக் எல்லாம் திரும்புமே?

திரும்பும். கடன் கொடுத்த வங்கிக்கு முடக்கக் கடிதத்தின் நகலோடு இன்றே எழுதி, வேறு வழியில் அந்த மாத இஎம்ஐ-யைக் கட்டிவிடுங்கள். கொடுத்த செக்குகளை வைத்திருப்பவர்களிடம் நீங்களே முந்திச் சொல்லுங்கள். செக் திரும்பி வக்கீல் நோட்டீஸ் வந்தால் பணம் கட்ட 15 நாள்தான்.

மீதி இருக்கும் வேறு கணக்குகளிலிருந்து பணத்தைத் தம்பி பெயருக்கு மாற்றிவிடலாமா?

வேண்டாம். வரி நடவடிக்கை நிலுவையில் இருக்கும்போது செய்யும் கைமாற்றங்கள் செல்லாது என்று வருமான வரிச் சட்டம் பிரிவு 281-உம் ஜிஎஸ்டி சட்டம் பிரிவு 81-உம் சொல்கின்றன. அதைவிட, ஸ்டே கேட்டு நிற்கும்போது உங்கள் ஸ்டேட்மென்டில் அந்தக் கைமாற்றம் முதல் வரியாகத் தெரியும்.

2009-10 வாக்கில் ஏதோ ஆறாயிரம் பாக்கி என்று காட்டுகிறது.

அது தள்ளுபடியாகி இருக்கலாம். 2024 பிப்ரவரி உத்தரவின்படி 2010-11 மதிப்பீட்டு ஆண்டு வரை ஒவ்வொரு டிமாண்டுக்கும் 25,000 வரை, 2011-12 முதல் 2015-16 வரை 10,000 வரை, ஒருவருக்கு மொத்தம் 1 லட்சத்துக்குள் நீக்கினார்கள். போர்ட்டலில் பார்த்துவிட்டுப் பிறகு பணம் கட்டுவதைப் பற்றி யோசியுங்கள்.

"ஓடிபி சொன்னால் முடக்கத்தை எடுத்துவிடுகிறோம்" என்று போன் வருகிறது.

வைத்துவிடுங்கள். எந்த அலுவலரும் ஓடிபி கேட்டு முடக்கத்தை நீக்குவதில்லை. ஏற்கெனவே சொல்லியிருந்தால் உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

நீக்க உத்தரவு வாங்கிவிட்டேன். கணக்கு இன்னும் திறக்கவில்லை.

நீக்கக் கடிதத்தில் முடக்கிய கடிதத்தின் தேதியும் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வங்கியின் மைய அலுவலகம் திருப்பி அனுப்பும். இரண்டு வங்கிகளில் முடக்கம் என்றால் கடிதமும் இரண்டு வேண்டும். ஒரே வங்கியில் வாடிக்கையாளர் எண் அளவில் முடக்கியிருந்தால், சேமிப்புக் கணக்கு மட்டும் திறந்து மற்றவை அடைந்தே கிடக்கும். ஜிஎஸ்டியில் வங்கி பணத்தைக் கட்டிவிட்டால், பணம் கட்டியதற்கான டிஆர்சி-14 சான்று வங்கிக்குப் போயிருக்கிறதா என்று கேளுங்கள்.

திறந்த பிறகும் போர்ட்டலில் டிமாண்ட் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வங்கி அனுப்பிய பணம் அந்த டிமாண்டில் வரவு வைக்கப்படாமல் இருந்தால், அடுத்த வருட ரீஃபண்டைப் பிரிவு 245-இல் அதற்கே பிடித்துக்கொள்வார்கள். வங்கி கட்டிய செலான் நகலைக் கேட்டு வாங்கி, அதில் உங்கள் பான் எண்ணும் மதிப்பீட்டு ஆண்டும் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, ஏ.ஓ-வுக்கு அனுப்புங்கள். 245 அறிவிப்பு வந்தால் பதில் சொல்ல 21 நாள்.